பூட்டக் கூடாத பன்னிரண்டு காம்பராக்கள்

ஒக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 6.50க்கு உக்குவளையில் பஸ் ஏறினேன். கையில் ஒரு குடை, பிரஷர் மாத்திரை இரண்டு வேளைக்கு, தண்ணீர்ப் போத்தல் ஒன்று. செல்லையாவை அழைத்து வருவதற்காகப் போனேன். செல்லையா என் மறைந்த மனைவியின் தம்பி, வயது அறுபத்தொன்பது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், காம்பரா ஒன்றில் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மழை வந்தால் ஆட்களைக் கீழே இறக்குகிறார்கள், இவர் மட்டும் இறங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். நான்கு முறையும் "பாப்போம் அத்தான்" என்றார். மழைக்காலம் முடியும்வரை என் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, நேரிலேயே புறப்பட்டுவிட்டேன். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் எழுதவில்லை.

7.25க்கு மாத்தளை. இரத்தோட்டை பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். கட்டணம் அறுபத்தெட்டு ரூபாய். தூரம் பதினொரு கிலோமீற்றரா பன்னிரண்டா என்பதில் நடத்துநருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. 8.50க்கு இரத்தோட்டையில் இறங்கியபோது வெயில் அடித்தது. அந்த வெயிலை நான் நம்பவில்லை. மலையின் மேற்பாதி தெரியவில்லை.

மேற்பிரிவுக்குப் பஸ் கிடையாது. நிஸ்தார் என்ற இளைஞரின் முச்சக்கரவண்டியைப் பிடித்தேன். ஒன்பது கிலோமீற்றருக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். நான் வளைவுகளை எண்ணுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார் போலும்.

"வளைவ எண்ணினா கூலி கொறையாது மாஸ்டர்" என்றார்.

முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்த பழக்கம் என்று சொன்னேன். இருபத்து மூன்று வளைவுகள். அவற்றில் நான்கில் பாதையின் விளிம்பு பள்ளத்துக்குள் போயிருந்தது. உடைந்த இடத்தில் ஒரு தடியை நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மழை வந்தால் பின்னேரம் மூன்றுக்குப் பிறகு தான் மேலே வரமாட்டேன் என்று நிஸ்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டே முக்காலுக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

9.40க்கு லயம். ஒரே கூரையின்கீழ் பதினான்கு காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் திண்ணைபோல் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரு அறை, பின்னால் புகை பிடித்த குசினி. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். கூரைத் தகரத்தில் டயரும் கல்லும் ஏற்றியிருக்கிறார்கள், காற்றுக்கு. கோடியில் இருந்த இரண்டு காம்பராக்களில் பெரிய பித்தளைப் பூட்டுத் தொங்கியது. மற்றப் பன்னிரண்டு கதவுகளும் திறந்திருந்தன. ஆட்கள் கொழுந்துக்குப் போன நேரத்தில் கதவுகள் ஏன் திறந்து கிடக்கின்றன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

செல்லையா இஸ்தோப்பில் உட்கார்ந்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் குடித்த பிறகு வெடிப்பைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். குசினிச் சுவரிலிருந்து எட்டுக் காலடி வைத்தால் வெடிப்பு. மிளகுக் கொடிகளுக்கு நடுவே, மலையைக் கத்தியால் கீறியதுபோல் நாற்பத்தொரு காலடி நீளத்துக்குப் போகிறது. ஆபத்தான இடம் என்று லயத்தில் சிவப்பு அறிவித்தல் ஒட்டிய நாளில் அகலம் நான்கு விரல் இருந்ததாம். நான் அளந்தபோது ஒரு சாணும் மூன்று விரலும். உள்ளே ஒரு கல்லைப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பக்கத்துக் காம்பரா மருதாயி அம்மாள் சுள்ளி பொறுக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

"வாத்தியாரு எண்ணுங்க, நல்லா எண்ணுங்க" என்றார். "மல வரும்போது எங்களுக்கும் சொல்லிட்டு வரச் சொல்லுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்கினேன். ஏன் இறங்குவதில்லை என்று கேட்டேன். செல்லையா கோடியில் தொங்கிய இரண்டு பூட்டுகளைக் காட்டினார். போன பெருமழையில் லயம் முழுவதும் கீழே பாடசாலையில் பதினேழு நாள் தங்கியிருக்கிறது. பதினெட்டாம் நாள் மேலே வந்தபோது அந்த இரண்டு காம்பராவிலும் தோட்டத்தின் பூட்டு. இரண்டு குடும்பத்திலும் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் உள்ள ஆள் யாரும் இல்லை. காம்பராவையும் விட்டுப் போய்விட்டார்கள், ஆகவே காலி என்று எழுதிவிட்டார்களாம்.

"பூட்டின காம்பரா காலிக் காம்பராங்க அத்தான்" என்றார். "நம்மகிட்ட காணி உறுதியா இருக்கு, எடுத்துக் காட்ட? ஆள் இருந்தாத்தான் வீடு."

புதிய வீட்டுக்கான பட்டியலும் ஆள் இருக்கும் காம்பராவை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது என்பதால், காம்பரா போனால் பட்டியலில் இடமும் போகும். அதற்குப் பிறகு லயத்து ஆட்கள் கோயில் முன்னால் கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எச்சரிக்கை வந்தால் எல்லோரும் இறங்குவது, காம்பராவுக்கு ஒருவர் மட்டும் தங்குவது, கதவைப் பூட்டுவதே இல்லை. யார் தங்குவது? சம்பளம் எடுக்கும் ஆள் மண்ணோடு போய்விட்டால் செக்ரோலில் பெயர் போய்விடும், ஆகவே அவர் இல்லை. பிள்ளைகள் இல்லை. மிஞ்சியவர்கள் பென்சன் ஆட்கள். வயதானவர்கள் இல்லாத இரண்டு காம்பராவில் மட்டும் பெண்கள் தங்குகிறார்கள். இதைச் செல்லையா கொழுந்து நிறுவைக்கு வரிசை போட்டதைச் சொல்வதுபோல் சொன்னார். நான் பிரஷர் மாத்திரையை அரை மணி நேரம் முந்தியே போட்டுக்கொண்டேன்.

12.15க்கு அவருடைய மருமகள் செல்வி மலையிலிருந்து வந்தாள். கொழுந்து எடுப்பவள், செக்ரோலில் இந்தக் காம்பராவுக்கு இருக்கும் ஒரே பெயர் அவளுடையது. கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு, அன்று பாடசாலை இல்லாததால் வீட்டில் இருந்தார்கள். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வைத்தாள். சாப்பிடும்போது மழை தொடங்கியது. 1.30க்குக் கோயில் ஒலிபெருக்கியில், மழைமானி சிவப்புக் கோட்டை நெருங்குகிறது, நான்கு மணிக்குள் எல்லோரும் பாடசாலைக்கு இறங்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள்.

நான் செல்லையாவை விடவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய அக்கா சாகும்போது என்னிடம் சொன்னதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னேனா, கூட்டிச் சொன்னேனா என்று இப்போது நிச்சயமில்லை. அவர் மிளகைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்தார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

செல்வி பிள்ளைகளின் பாயையும் போர்வையையும் சுருட்டிக் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். தன் பாயை எடுத்துத் திரும்ப உள்ளே விரித்தாள். நாளைக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போட வேண்டிய சட்டையை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி, உத்தரத்தில் செருகினாள். சின்னவள் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்லையா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐந்து பொத்தான்.

"நீ எறங்கும்மா" என்றார்.

"நீங்க வாத்தியாரு மாமாகூட போங்க. நான் இருக்கேன்" என்றாள் செல்வி.

"எறங்குடி. ஒன் பேருதான் செக்ரோல்ல இருக்கு. என் பேர மண்ணு எடுத்தா ஒரு பென்சன் கொறையும், அவ்வளவுதான்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க இருக்கலாம்னா அதுவும் முடியாதுங்க அத்தான். ஒங்களுக்கு உக்குவளையில ஓட்டு."

நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன் என்று அவர் எண்ணியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவே இல்லை.

2.50க்கு நிஸ்தார் வந்தார். செல்வியையும் பிள்ளைகளையும் பாய்ச் சுருளையும் ஏற்றிக்கொண்டோம். மற்றவர்கள் பாதையோரமாக நடந்து இறங்கினார்கள். தலையில் பாய், கக்கத்தில் பத்திரங்கள் வைத்த பொலித்தீன் பை. வழியில் ஆட்களைக் கடக்கக் கடக்க எண்ணினேன். பின்னால் பார்த்தபோது லயத்தின் பன்னிரண்டு இஸ்தோப்புகளிலும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருதாயி அம்மாள் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பனி மூடிவிட்டது.

3.30க்குப் பாடசாலை. ஒரு மண்டபம், இரண்டு மலசலகூடம், ஒன்றுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு பெண் உத்தியோகத்தர் மேசை போட்டுக் கொப்பியில் பெயர் பதிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமும் மேலே தங்கியவரின் பெயரையும் சேர்த்தே சொன்னது. தங்கியிருப்பது தெரிந்தால் ஜீப் போகும், ஆட்களை ஏற்றி இறக்கும், காம்பரா காலியாகும். செல்வியும் நான்கு பேர் என்று சொல்லி, செல்லையாவின் அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாக ஒப்புவித்தாள்.

உத்தியோகத்தர் நல்ல பெண். மழையில் முழுக்க நனைந்திருந்தார். கொப்பியின் அடியில் கூட்டிப் பார்த்துவிட்டு மண்டபத்தைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற நிஸ்தார் விளையாட்டாக, இந்த மாஸ்டர் வளைவையே எண்ணுகிற ஆள், அவரைக் கேளுங்கள் என்றார்.

"நாப்பத்து மூணு வருது. சரிதானே மாஸ்டர்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். பாதையில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, பாய் விரித்த பிறகு ஒருமுறை எண்ணியிருந்தேன். செல்வி சின்னவளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"சரி" என்றேன்.

உத்தியோகத்தர் கீழே கோடிட்டு, நேரம் எழுதி, கையொப்பம் வைத்தார்.

5.10க்கு இரத்தோட்டையில் பஸ். 7.05க்கு உக்குவளையில் என் வீடு. அது சமநிலத்தில் இருக்கிறது. மூன்று அறைகள், என் பெயரில் உறுதி. ஒரு மாதம் நான் எங்காவது போய் இருந்துவிட்டு வந்தாலும் வீடு வீடாகவே இருக்கும். எழுபத்தாறு வயதுவரை இதை ஒரு சொத்தாக நான் எண்ணியதே இல்லை.

மேலே மண் இறங்கினால், முதலில் அந்தக் கொப்பியைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். லயத்தில் ஆட்கள் நாற்பத்து மூன்று, பாடசாலையில் இருப்பவர்கள் நாற்பத்து மூன்று. மண்வெட்டியோடு யாரும் மேலே ஏற வேண்டியிருக்காது. அந்தக் கணக்கைச் சரி பார்த்துக் கொடுத்தவன் நான்.