வாயில்லாத மானிட்டர்

சிவசங்கரி அக்கா சி.பி.யு.வின் முதுகில் தட்டுகிறாள். "எழுந்திரு ராசாத்தி. எழுந்து ஒரு கத்து கத்து பாப்போம்." அது எழும். கத்தாது.

முதலியார்பேட்டையில் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கூவும் குரலைப் பதிந்து கொடுப்பது அவள் தொழில். 'வெங்காயம் வெங்காயம்' என்று நம் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் குற்றவாளி அவள்தான். வைரஸ் புகுந்து பழைய பதிவெல்லாம் போனதும், கோபத்தில் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டாள். படம் வந்தது, நெட் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"வைரஸ் வராதுன்னாங்க. சத்தமும் வராதுன்னு ஒருத்தனும் சொல்லலியே!"

போனில் வீடியோ பார்த்துக் கட்டளை அடிப்பாள். மவுசுக்குத் திருநீறு வைப்பாள். வேலை நடக்காவிட்டால் துடைத்துவிடுவாள்.

இந்த முறை அவசரம். மீன்காரர் கிருஷ்ணசாமிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல் போய்விட்டது. வண்டி வந்ததே தெரியாமல் தெருவே கதவைச் சாத்திக்கொள்ள, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் எடுத்த மீன் பாதி அப்படியே திரும்புகிறது. அவர் கூவிய பழைய போன் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்த அக்கா, காதில் கேட்காமலே, திரையில் தெரிந்த ஒலிக்கோட்டின் மேடுபள்ளத்தைப் பார்த்தே குரலை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டால்தானே கொடுக்க முடியும்?

கிருஷ்ணசாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா ஓடவிட்டாள். சத்தமில்லை. "ஆம்ப்ளிஃபயருதான் சோம்பேறி" என்று குமிழைக் கொஞ்சம் திருகினாள். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் முழுசாக. வயரின் மறுமுனையில், வண்டியில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேடிக்கை பார்க்க என்ன மிஞ்சும்?

பிறகுதான் கம்ப்யூட்டரின் ஒலி அமைப்புகளைத் திறந்தாள். சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது.

"அடிப்பாவி, வாயில்லாததுகிட்டயாடி இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்த?" ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றி அழுத்தினாள்.

"மீனேய்ய்! நெத்திலி, சங்கரா, காரப்பொடி..."

ஜன்னல் கம்பி நடுங்கியது. எதிர்வீட்டு ஆயம்மா சட்டியோடு ஓடிவந்தார். "கிருஷ்ணசாமி, கொரலு வந்துடுச்சாப்பா? வண்டி எங்க?" பின்னாலேயே பக்கத்துவீட்டு துர்கா: "அண்ணே, சங்கரா அர கிலோ எனக்கு! அந்தம்மாவுக்கு முன்னாடி எனக்கு!" நொடியில் வாசலெல்லாம் சட்டியும் கிண்ணமும். இரண்டு பூனைகளும் வரிசையில் நின்றன.

அக்கா பதறிப்போய், சத்தத்தைக் குறைக்கக் குமிழை நோக்கிக் கையை நீட்டினாள். கிருஷ்ணசாமி தொண்டையில் கைவைத்தபடி கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகளும் 'சங்கரா, காரப்பொடி' என்று அசைந்தன.

நீட்டிய கையை அக்கா மெல்ல இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.