போர்வைக்குள் இருந்த கைகள்

அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. பேஸ் கிட்டார்காரர், அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஒரு கோடை விழாவுக்கு எங்கள் மெல்லிசைக் குழு சேலத்திலிருந்து ஏற்காடு ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் பேஸ் கிட்டார் பையன் வாந்தியெடுத்தே சுருண்டுவிட்டான். அவனுக்குப் பதிலாக மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் யாரோ பிடித்துக் கொடுத்த ஆள் இவர். ஏதோ எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராம். நெட்டையான உடம்பு, பெல்பாட்டம், மீசையில் ஒரு திமிர். வாசிக்கும்போது ஜனங்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. பாடகன் மைக்கைப் பொத்திக்கொண்டு, "மூட்டை கட்டலாம்டா" என்றான். டிரம்ஸ் வாசித்த நானும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் திரும்பிச் சிரித்தார். "ஏனுங்க, கையவே எதுக்குங்க பாக்கறீங்க? இந்தக் குளுருல கைய எவனுங்க வெளிய எடுப்பான்? எல்லாம் போர்வைக்குள்ள இருக்குதுங்க. காலப் பாருங்க!"

பார்த்தேன். மூடுபனியில் கண்ணுக்கெட்டிய வரை செருப்பும் பூட்ஸும் வெறுங்காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சேலத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு இது எப்படித் தெரியும்?

அப்புறம் வாசித்தோம் பாருங்கள்! கடைசிப் பாட்டில் அவர் பேஸும் என் டிரம்ஸும் மட்டும் மோதிக்கொண்டபோது கூட்டமே எழுந்து நின்றது. போர்வைகள் தரையில் விழுந்தன. அத்தனை கைகளும் தலைக்கு மேலே தட்டின.

"நிமிர்ந்து பாருங்க சார்!" என்று கத்தினேன்.

அவர் நிமிரவே இல்லை. "கால் போடற தாளம் இன்னும் நிக்கலீங்க" என்றார், வாசிப்பை நிறுத்தாமல்.