மூட்டுவலி மருந்தும் தீபாவளி லேகியமும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் முழங்கால் வலிக்கு ராயபுரத்தில் ஒரு யுனானி ஹக்கீம் மஜூன் என்று ஒரு லேகியம் கொடுத்தார். சூரிஞ்சான் கிழங்கு, பேதிக்கு நிலாவரை, சுக்கு எல்லாம் இடித்துத் தேனில் கிளறியது. கிரேக்க வைத்தியர்களிடமிருந்து வந்தது, வெள்ளைக்காரர்களும் ஒரு காலத்தில் இந்தக் கிழங்கைத்தான் நம்பினார்கள் என்றார். வயிற்றில் பிள்ளை இருந்தால் தொடவே கூடாது என்று சொல்லி, எனக்கு உண்டா என்றும் கேட்டார். நாற்பதை நெருங்கிய நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

தீபாவளிக்கு நாட்டுமருந்துக் கடையில் லேகியம் வாங்கினேன். மஜூன் போலவே அதுவும் கறுப்பு, அதே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. பண்டிகைக் காலையில் நான் வடை சுட்டுக்கொண்டிருக்க, என் கணவர் தானும் ஒரு உருண்டை விழுங்கி, லைன் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். நீட்டிய காலி டப்பாவை வாங்கிப் பார்த்தேன். தீபாவளி லேகியம் இல்லை, என் மூட்டுவலி மருந்து.

மற்றவர்களுக்கு வயிறு போகும், அவ்வளவுதான். ஆனால் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம்.

"அந்தப் பொண்ணுக்குமா குடுத்தே?"

"வுட்டுட்டு வர முடியுமா மே? ரெண்டு உசுராச்சேன்னு பெருசா உருட்டிக் குடுத்தேன்."

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. வெடிப்புகைக்குள் ஓடினேன். அவள் மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்ததால் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கெஞ்சினாள்.

"அக்கா, கோச்சிக்காத. கசப்பு தாங்கல. வாயில அடக்கிகினு இருந்து, அண்ணன் அந்தாண்ட போனதும் சாக்கடைல துப்பிட்டேன். மாமியார்கிட்ட சொல்லிடாத."

"கொஞ்சம்கூட முழுங்கலியே?"

"சத்தியமா இல்லக்கா. வாய கொப்பளிச்சிட்டேன்."

புதுப்புடவையோடு ஈரமான துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் பயந்துபோய் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு சீரான பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். மற்ற வீடுகளுக்கு என் கணவரே போய்ச் சொன்னார். யாரும் கோபிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தன் முட்டி வலிக்கு இன்னொரு உருண்டை இருக்குதா என்று கிண்டல் செய்தாராம்.

மறுநாள் காலை கக்கூஸுக்கு வரிசை நீளமாக நின்றது. என் கணவர் அன்று எண்ணூர் வேலைக்கு முதல் ஷிப்ட் போகவில்லை.