காற்று மெஷினுக்கும் ஓர் உறை

தெருவில் அவருக்கு உறைக்காரர் என்று பேர். கடைவீதியில் திரைச்சீலை தைத்து விற்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஜன்னல்களை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்சிக்கு உறை, டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொத்தான் வைத்த உறை. உறை போடாத பொருளைக் கண்டால், துணியில்லாமல் நிற்கிற ஆளைப் பார்த்த மாதிரி அவருக்குக் கூசும். படுக்கையறையில் மூன்றடுக்கு வெல்வெட் திரை, தரை முழுக்கக் கம்பளம், கட்டிலில் ஏழு குஷன். மெருகு போய்விடும் என்று எதையும் தண்ணீரில் நனைத்ததில்லை. வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டுவார்.

அந்த அறையில்தான் அவர் மனைவி இருபது வருடமாக மூச்சுக்கு அல்லாடினாள். ஆஸ்துமா. இன்ஹேலருக்கும் அவர் உறை தைத்திருந்தார், நாடா முடிச்சோடு. ஒருநாள் இழுப்பு வந்தபோது அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இந்த மாதிரித் துணிகளில்தான் குடியிருக்கும். திரையையும் கம்பளத்தையும் எடுத்துவிடுங்கள், விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், மெத்தைக்கு இறுக்கமாக நெய்த ஜிப் உறை ஒன்று போடுங்கள். வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்பட்ட அந்த ஒரே உறையை மட்டும் அவர் தைக்கவில்லை. ஃபிரில் வைக்க இடமில்லையாம்.

பதிலுக்கு, காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். இனி எதையும் கழற்ற வேண்டாம் என்று அவருக்கு ஏக நிம்மதி. மறுநாளே மெஷினுக்குக் குஞ்சம் வைத்த வெல்வெட் உறை ஏறியது. உள்ளே அது முக்கியது, முனகியது, மூச்சு முட்டி நின்றுபோனது.

மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் தன்னைப்போல இன்னொரு ஜீவன் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டு, பின்பக்க அறையில் கிடந்த அட்டைப்பெட்டிகளை வெளியேற்றினாள். வெறும் தரை, வெறும் சுவர், இரும்புக் கட்டில், கடையில் வாங்கிய ஜிப் உறை போட்ட மெத்தை. மருந்தை விடவில்லை. ஆனால் ஒரு வாரமாக இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவர் இஞ்சு டேப்போடு வாசற்படியில் நின்றார். ஜன்னலை அளக்க.

"மெலிசா ஒண்ணே ஒண்ணு போட்டுக்கலாம்மா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"இவ மூச்சு விடுறான்னு நெனைப்பாங்க. டேப்பை வெளிய வச்சிட்டு உள்ள வாங்க."

அவர் டேப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டேப்போடு திரும்பிப் போனார்.

மறுநாள் வந்த வாடிக்கையாளரிடம், பின்னால் இருப்பது சாமான் போடுகிற அறை என்று சொன்னார். உள்ளே இருந்த சாமான் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தது. சிரித்து முடித்தபோது இருமல் வரவில்லை.