புரோகிராம் வந்த வீடு

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்படிதான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பீரோவில் புடவை மடிப்புக்குள் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. அதில் மங்கிப்போய் ‘டெஸ்ட்’ என்று ஒரே ஒரு சொல். அதைப் பார்த்தால் எங்கள் ஆபரேட்டர் அண்ணன் நினைவு வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி. ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் கார்டு பஞ்ச் செய்துகொண்டிருந்தேன், அதாவது விவரங்களை அட்டையில் துளைகளாகப் போடும் வேலை. மெஷினை ஓட்டிய அண்ணன் சைதாப்பேட்டைக்காரர். இருவருமே தற்காலிகம். அவர் வேலையில் என்னைவிடப் பல வருஷம் மூத்தவர், ஆனால் எட்டாவதுடன் படிப்பை விட்டவர். வேலை நிரந்தரமாக இத்தனை வருஷம் சர்வீஸ் இருந்தால் போதும் என்பது பழைய விதி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும் என்று அந்த வருஷம் மாற்றியிருந்தார்கள்.

நிரந்தரமாகப் போகிறவர்களின் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது. ஏ.சி. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“தங்கச்சி, அண்ணன் பேரு வந்துகீது பாரு! நாளைக்கு டீ உன் செலவு” என்று சிரித்தார். பிறகு என் பெயரைத் தேடினார். இல்லை. சிரிப்பு நின்றது.

லைப்ரரி என்றால் அங்கே புத்தகம் அல்ல, புரோகிராம்கள் குடியிருக்கும் இடம். ஒரே பெயரில் பழைய விதிப் புரோகிராம், சோதித்துப் பார்க்க வைத்திருந்த டெஸ்ட் லைப்ரரியில் அழிக்காமல் விட்டபடியும், புதியது நடப்பு லைப்ரரியிலும் இருந்தன. பெயரைச் சொன்னால் மெஷின் முதலில் அகப்பட்டதை எடுத்து ஓட்டிவிடும். அண்ணன் அச்சை நிறுத்தினார். ஓடுகிற புரோகிராம் எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்று, மெஷினிடம் கேள்வி கேட்கும் டைப்ரைட்டரான கன்சோலில் தட்டிக் கேட்டார். அது அடித்துத் தந்த பதில்தான் என்னிடம் இருக்கும் துண்டு.

“விடுங்கண்ணா, யாருக்குத் தெரியப்போவுது” என்றேன். நான் வாய் திறந்ததே அபூர்வம்.

“இன்னா தங்கச்சி நீ! பக்கத்து வூட்டு சோத்தத் துன்னுட்டு ஏப்பம் உடச் சொல்றியா?”

அச்சானதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடப்பு லைப்ரரியிலிருந்து மறுபடி ஓட்டினார். என் பெயர் வந்தது. அவர் பெயர் வரவில்லை. “வந்துட்ச்சு பாரு” என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கு எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது.

என் மகனுக்கும் இப்போது கம்ப்யூட்டர் வேலைதான். துண்டைக் காட்டினேன். “இதுல ஒண்ணுமே இல்லையேம்மா” என்றான். வாங்கி மறுபடி புடவைக்குள் வைத்தேன்.

அன்று பட்டியல் அச்சான மறுநாள் அண்ணன் வழக்கம்போல் வந்து மெஷினைப் போட்டார். நான் டீ வாங்கி வைத்தேன். குடித்தார்.