பின்னோக்கி ஓடுகிறவரை முதலில் எடுத்த குகன் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை கிளென் வேவர்லி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது குகன் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவரோடு வீட்டைப் பகிர்ந்திருந்த நண்பர். "அண்ணை மோசம் போயிட்டார். வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் கதிரையில இருந்தவர். எழும்பேல்லை." ரயில் வந்தது, போனது. இறந்துபோன அண்ணன் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அன்று முதல் ஷூ போடக் குனியும்போதெல்லாம் என் கை நெஞ்சுக்குப் போகிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

நோபல் பார்க் மைதானத்தில் அவரோடு ஆடிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இங்கே அஞ்சலிக்கு வந்திருக்கும் உறவினர் பலருக்கு நம் ஆட்டமே புதிது. இது அமெரிக்க ஃபுட்பால். மோதித் தள்ளாமல், பந்தோடு ஓடுகிறவரின் இடுப்பில் தொங்கும் பட்டியை உருவி நிறுத்தும் வகை. சீசன் தொடங்கும் முன் அணித் தலைவர்கள் புதியவர்களை வரிசையில் நிறுத்தி மாறி மாறி எடுப்பார்கள். எல்லோருக்கும் முதலில் பந்து எறிகிறவர் வேண்டும். நம் அணித் தலைவர் குகன் அண்ணன் மட்டும் கார்னர்பேக்கை எடுப்பார். கார்னர்பேக் என்பவர் ஓரத்தில் தனியாக நிற்பார். எதிரணியின் வேகமான ஆளைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓட வேண்டும். அவர் ஏமாந்தால் அவருக்குப் பின்னால் வெறும் புல்தான்.

நான் சேர்ந்த வருடம் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "பயமா இருக்கோ?" எல்லோரும் சிரித்து இல்லை என்றார்கள். என் முறை வந்தது. "ஆமாண்ணே. கையெல்லாம் நடுங்குது," என்றேன். "இவர் எங்களுக்கு," என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். மற்ற தலைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொப்பையும் கண்ணாடியுமாக நின்ற என்னைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பிறகு காரணம் கேட்டேன். "பயமில்லாதவன் பந்தைப் பாத்து வாய் பிளப்பான். பயந்தவன்தான் ஆளில இருந்து கண்ணை எடுக்கமாட்டான்," என்றார்.

அவருக்குப் பயத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர், கடைசிவரை தற்காலிக விசாவில் இருந்தவர். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் விசா அலுவலகமோ என்று பயந்து கைப்பேசியை என்னிடம் திணித்துவிடுவார். "நீங்க கதையுங்கோ தம்பி." ஒருநாள் ஆட்டத்தின் இடைவேளையில் அப்படி ஒன்று வந்தது. நான் பேசி முடிப்பதற்குள் அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டது டயர் கடை. கேட்ட டயர் வந்துவிட்டதாம். "டயருக்கெல்லாம் ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டாங்கண்ணே," என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். ஆனால் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருக அவர் விரல்களால் முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து ஆடப் போனார்.

போன வருடம் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நல்ல எறிகாரனை விட்டுவிட்டு யாரோ ஒரு கார்னர்பேக்கை எடுத்ததால்தான் தோற்றோம் என்று நம்மில் பலர் அவரைப் பிடித்து உலுக்கினோம். அவர் கோபப்படவில்லை. "எறியிறவன் பிழை விட்டா இன்னொருக்கா எறியலாம். பின்னுக்கு நிக்கிறவன் பிழை விட்டா எல்லாம் முடிஞ்சுது. நான் பின்னுக்கு நிண்டு பாத்தனான்," என்றார். மைதானத்திலா ஊரிலா, எங்கே நின்று பார்த்தார் என்று நாம் கேட்கவில்லை.

வரும் ஞாயிறு புதியவர்களை முதலில் எடுக்கும் முறை நம்முடையது. அதை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். டண்டெனோங்கிலிருந்து வரும் எறிகாரனை எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் நச்சரிப்பு ஓயவில்லை. இந்த முறையும் தோற்றால் வேறு அணி பார்ப்பதாக இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்த பிறகும்கூட அவர் சிரித்த ஒரே இடம் இந்த அணிதான். அது என் கையில் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆனாலும் நான் எறிகாரனை முதலில் எடுக்கப்போவதில்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் அவருடைய கேள்வியைக் கேட்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். நடுங்குகிறேன் என்று சொல்கிறவர் நம் அணிக்கு. அன்று உங்களில் யாராவது அதையே என்னிடம் திருப்பிக் கேட்டால், என் பதில் நான் சேர்ந்த வருடம் அவரிடம் சொன்னதுதான். தோளைப் பிடித்து இழுத்துக்கொள்ள மட்டும் அவர் இருக்கமாட்டார்.