ஒருவர் போனால் ஒருவர்

எங்கள் நாய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. செம்பட்டை நிறம், பெண் நாய். வண்ணார்பேட்டையில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சாலையோரத்தில் நடுங்கிக் கிடந்த குட்டியை என் கணவர் சட்டைக்குள் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்தேன். குழந்தை இல்லை. டவுணில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம்.

வளர்ந்து வரும்போது அதற்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அதோடு வந்த வலிப்பு மட்டும் போகவில்லை. காலையும் மாலையும் மாத்திரை தவறக் கூடாது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். இட்லிக்குள் மறைத்து வைத்து, எங்கள் இருவரில் ஒருவர் ஊட்டினால்தான் விழுங்கும்.

சென்னையில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தபோது அதைப் பக்கத்து வீட்டு மதினியிடம் விட்டுவிட்டுச் சேர்ந்து போனோம். திரும்பி வந்தபோது மதினி கையில் கட்டுப் போட்டிருந்தாள். நாய் எங்கள் வாசல் கம்பிக் கதவைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தது.

"பச்சத்தண்ணி கூட குடிக்கல. மாத்திரய நீட்டுனேன், கையக் கடிச்சிட்டு. தப்பா நெனைக்காதிய, இனிமே என்னால ஆவாது."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சரி, கூடவே கூட்டிக்கொண்டு போவோம் என்று அடுத்த முறை கல்லிடைக்குறிச்சி கிரகப்பிரவேசத்துக்குச் சங்கிலியோடு பஸ் ஏறப் போனோம். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"அண்ணாச்சி, நாயெல்லாம் ஏத்த முடியாது. யாரயாவது கடிச்சு வச்சா யாரு பதில் சொல்லுதது?"

புதுத்துணியோடு வீட்டுக்கு நடந்தோம். ரயிலில் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஜங்ஷனில் போய், ரயிலின் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கென்று இருந்த இரும்புக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தார் அவர். சட்டையைக் கழற்றியபடியே சொன்னார்: "அந்த இருட்டுக்குள்ள கெடந்து வலிப்பு வந்துச்சுன்னா யாருளா பாக்க?"

அன்றிலிருந்து ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருந்தோம். கல்யாணம், காதுகுத்து, சாவு வீட்டுத் துட்டி, எதுவானாலும் அப்படித்தான். அவர் வீட்டு விசேஷத்துக்கு அவர், என் வீட்டு விசேஷத்துக்கு நான். போகிற இடத்திலெல்லாம் முதலில், "தனியாவா வந்திய?" என்று கேட்டார்கள். கொஞ்ச காலம் போனதும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அம்மா கோயம்புத்தூரில் என் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கட்டிலில் படுத்தபடியே என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"மாப்பிள்ள வரலையா?"

"நாய் இருக்கும்மா. ஒரு ஆள் வேணும்."

அவள் என் கையைத் தடவிக் கொடுத்தாள். "எத்தன வருசமா இதயே சொல்லுத. ரெண்டு பேருக்கும் ஆகலன்னா ஆகலன்னு அம்மாகிட்ட சொல்லக் கூடாதா? நாயச் சாக்கு வச்சி மறைக்கணுமா?"

இல்லை என்றேன். சத்தியம் பண்ணினேன். அவர் போனில் பேசுவார் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நம்பாதவர்கள் ஆட்டுகிற மாதிரி. அந்த வாரமே போய்விட்டாள். வாழாவெட்டியாகிவிட்ட மகளை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற நினைப்போடுதான் போனாள். அதை மாற்ற எனக்கு நேரமும் இல்லை, வார்த்தையும் இல்லை.

அந்த நாட்களில் நாய்க்கு வலிப்பு அடுத்தடுத்து வந்துகொண்டிருந்ததால் அவரால் அசைய முடியவில்லை. மருமகன் இல்லாமலே அம்மாவை எடுத்தார்கள். பதினாறு முடிந்து நான் ஊர் திரும்பிய காலையில், அவர் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் கைப்பையோடு நின்றார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"காலை மாத்திர குடுத்தாச்சு. பைய போ, சமையக்கட்டுலதான் படுத்திருக்கு."

அம்மாவைப் பற்றி அங்கே நின்று என்ன பேசுவது? அவருடைய பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டார். கோயம்புத்தூரில் அண்ணன் அவரை வா என்றும் சொல்லவில்லை. அண்ணி அம்மாவின் போட்டோவைக் காட்டினாளாம். கும்பிட்டுவிட்டு, ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். அண்ணன் வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நாய் செத்துப்போனது. ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் கேட்டுப் புதைத்தோம். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "மணிமுத்தாறு வரை போயிட்டு வருவமா?" என்றார். சேர்ந்து பஸ் ஏறி எத்தனையோ வருடமாகியிருந்தது.

அருவியில் நல்ல தண்ணீர். சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு குளித்தார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார், குளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேகமாக எழுந்தார். "இப்பக் கெளம்புனாத்தான் மாத்திரைக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு திரும்ப உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்த கடைசியா என்ன சொன்னாக?" என்று கேட்டார். அதுவரை அவர் கேட்டதில்லை.

"உங்களத்தான் கேட்டா" என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "வந்திருக்கணும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அவர் பின்படிக்கட்டருகே கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். சேர்ந்து எங்காவது போகலாம் என்று அதன்பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.